முப்பத்தேழு புள்ளி இரண்டு

பிப்ரவரி 8, ஞாயிறு

அக்காவுக்கு,

பையில் நம் குட்டி மிளகுவின் சட்டைகள் ஆறு, கால்சட்டைகள் ஆறு, துண்டு நான்கு, போர்வை இரண்டு இருக்கின்றன. எல்லாவற்றையும் எங்கள் சலவைக்கடையின் பெரிய இயந்திரத்தில் கொதிநீரில் போட்டு எடுத்தேன். தையல் ஓரங்களில் இரண்டு முறை இஸ்திரி ஓட்டினேன். மஞ்சள் சட்டையின் மேல் பொத்தானை வெட்டி எடுத்துவிட்டேன். மருந்து ஏற்ற அவள் நெஞ்சில் வைத்திருக்கும் குழாயில் அது மாட்டுகிறது என்று நீ முன்பு சொன்னாய். மடிப்பதற்கு முன்னால் கையை முழங்கை வரை கழுவினேன். நீ கேட்க மாட்டாய் என்பதால் நானே எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

நீ என்னிடம் பேசிப் பதினோரு நாளாகிறது. மாமா மகளைப் பற்றிக் கேட்க உன்னோடு போனில் பேசும்போது நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். உன் குரல் வெளியே கேட்கிறது. "அவ இருக்காளா?" என்றுகூட நீ கேட்பதில்லை. கேட்டிருந்தாலும் நான் போனை வாங்கியிருக்க மாட்டேன். போனைக் காதில் வைத்தால் எனக்குப் பேச்சே வராது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். மாமாவின் ரொட்டி வண்டி புதனும் ஞாயிறும் உங்கள் பக்கம் வருவதால், துணிப்பைக்குள் வைத்து அனுப்புகிறேன்.

அந்தப் புதன்கிழமையைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நீ வேலைக்குப் போயிருந்தாய். மிளகு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஆறாவது நாள். நான்தான் அவளோடு இருந்தேன். நீ சாயங்காலம் வந்தபோது அவள் பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தாள். நீ அவளைப் போர்வையோடு வாரிக்கொண்டு வாடகைக் காருக்கு ஓடினாய். படியில் நின்று திரும்பி, "காலையிலேர்ந்து பக்கத்துலயேதானடி உக்காந்திருந்த? கண்ணு எங்க போச்சு?" என்றாய். தெருவே பார்த்தது.

என்னை மன்னித்துவிடு அக்கா. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மாமா கீழே ஹாரன் அடிக்கிறார்.

அவள் கண்ணைத் திறந்துவிட்டாளா? அதை மட்டும் மாமாவிடம் சொல்லி அனுப்பு.

தங்கை


பிப்ரவரி 11, புதன்

தங்கச்சி,

கண்ணைத் திறந்துவிட்டாள். முந்தாநாள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள். அவள் முதலில் கேட்டது தண்ணீர். இரண்டாவது, "என் ஒட்டகம் எங்க?" சொட்டு மருந்து மாட்டும் சக்கரக் கம்பியைத்தான் ஒட்டகம் என்கிறாள். அதற்கு ஒரு பெயர்கூட வைத்திருக்கிறாள். நமக்குச் சொல்ல மாட்டாளாம்.

நானும் போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் கோபம் மட்டுமில்லை. இந்த அறை நம் சமையலறை அளவுதான். அவளுக்குத் தெரியாமல் ஒரு வார்த்தை பேச முடியாது. கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோலக் கிடப்பாள். பிறகு நர்ஸ் வந்ததும், "எங்கம்மா காலைல போன்ல அழுதாங்க, அவங்களுக்கும் ஊசி போடுங்க" என்பாள். ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் என்ற வார்த்தையை அவள் சொல்லும் அழகை நீ கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த வார்த்தை மாதிரி சொல்கிறாள்.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். சரி. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு நாள் ஒரு கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு இயந்திரம் என் பிள்ளைக்காக மூச்சு விட்டது. அப்போதெல்லாம் உன் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாயே, அந்த முகம். ஒரு வார்த்தை, "அக்கா, உடம்பு சுடுது" என்று ஒரு வார்த்தை எனக்குப் போன் செய்திருக்கலாம். அல்லது வார்டு நம்பருக்கு. அடுப்புக்கு மேலே சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன்.

டாக்டர்களுக்கே புரியவில்லை. காய்ச்சல் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் ரத்த அழுத்தம் இப்படி விழுந்த பிள்ளையைப் பார்த்ததில்லை என்கிறார்கள்.

துணி நன்றாக இருந்தது. கால்சட்டையின் இடுப்பு நாடாவைத் தளர்த்து. மெலிந்துவிட்டாள்.

அக்கா


பிப்ரவரி 15, ஞாயிறு

அக்காவுக்கு,

நாடாவைத் தளர்த்திவிட்டேன். பழைய நாடா தோலில் கோடு போடும் என்று புதியதாக மெல்லியது போட்டிருக்கிறேன். தொப்பி இரண்டு தைத்தேன். சிவப்புத் தொப்பி ஒட்டகத்துக்கு.

வேலைக்குப் போகிறேன். ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு எண் துண்டு தைப்பது, பிறகு இரண்டிரண்டு பேராக நின்று மடிப்பது. விரிப்பை மடிக்கும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டாம், ஓரத்தை மட்டும் பார்த்தால் போதும். அதனால்தான் எனக்கு அந்த வேலை பிடிக்கும். கடை முதலாளியம்மா வழக்கம்போல நிறுத்தாமல் பேசுகிறார். நேற்று என்னிடம், "உங்கிட்டப் பேசறதும் இந்த இஸ்திரிப் பெட்டிகிட்டப் பேசறதும் ஒண்ணுதான். இதாவது அப்பப்ப 'உஸ்'ஸுங்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

வீட்டில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மிளகுவின் கட்டிலை நகர்த்திக் கூட்டுகிறேன். திரும்ப நகர்த்துகிறேன். நீ ஒட்டிய நம்பர் இன்னும் அடுப்புக்கு மேலே இருக்கிறது. பாத்திரம் வைக்கும்போதெல்லாம் பார்க்கிறேன். மனப்பாடமாகிவிட்டது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். காய்ச்சல் இரண்டு மணி நேரத்தில் அப்படிச் செய்தது என்று டாக்டர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்? அது அவர்களுக்கு முக்கியமா? அதாவது, காய்ச்சல் எப்போது வந்தது என்பதால் இனிமேல் கொடுக்கும் மருந்தில் ஏதாவது மாறுமா? சும்மாதான் கேட்கிறேன்.

சும்மா இல்லை. பதில் எழுது.

தங்கை


பிப்ரவரி 18, புதன்

என் செல்லத் தங்கச்சிக்கு,

சிவப்புத் தொப்பி பிரமாதம். ஒட்டகம் அதைப் போட்டுக்கொண்டு வார்டு முழுக்க ஊர்வலம் போனது. மிளகு பின்னால் அதிகாரி மாதிரி நடந்தாள். நர்ஸுகளில் ஒருத்திக்கு மிளகு 'டக் டக் அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறாள், செருப்புச் சத்தத்தால். அந்த நர்ஸ் வழிவிட்டு நின்று சல்யூட் அடித்தாள். நான் சிரித்தேன். எத்தனை நாளுக்குப் பிறகு என்று எனக்கே தெரியவில்லை.

இன்று உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான்.

நீ கேட்டிருந்தாயே, காய்ச்சல் எப்போது வந்தது என்று டாக்டர்களுக்கு எப்படித் தெரியும் என்று. முதலில் நான் ஐந்தரைக்குப் பார்த்ததை வைத்துத்தான் சொன்னார்கள். இப்போது நம் காய்ச்சல் நோட்டிலும் அப்படியே இருக்கிறது. அவசரத்தில் அது மிளகுவின் போர்வையோடு சுருண்டு வந்துவிட்டது. திங்கள்கிழமை பையின் அடியில் கிடைத்தது. பெரிய டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவரும் நானும் சேர்ந்து பார்த்தோம். உன் குண்டு குண்டு எழுத்து. பதினொன்றரை மணி, முப்பத்தேழு புள்ளி இரண்டு. மூன்றரை மணி, முப்பத்தேழு புள்ளி நான்கு. ஐந்தரைக்கு நான் வந்து பார்த்தது முப்பத்தொன்பது புள்ளி எட்டு. நீ ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறாய். காய்ச்சல் அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறது. நான் வந்த நேரமும் அது வந்த நேரமும் ஒன்று. பார்த்துக்கொண்டே சும்மா இருந்தாய் என்று தெருவில் நின்று கத்தினேனே, என் நாக்கில் சூடு போட வேண்டும். நீ ஏன் "பார்த்தேன் அக்கா" என்று எதிர்த்துச் சொல்லவில்லை? சொல்ல மாட்டாய். நீ அப்படித்தான்.

அதைவிட நல்ல செய்தி ஒன்று. நோட்டைப் பார்த்தபிறகு டாக்டரம்மா முடிவு செய்துவிட்டார். இவ்வளவு வேகமாகச் சரியும் உடம்புக்கு முழு அளவு மருந்து தாங்காது, வரும் திங்களன்று தொடங்கும் சுற்றிலிருந்து பாதி அளவுதான் என்றார். பாதி! போன சுற்றில் அவள் வாய் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாமல் கிடந்தது உனக்குத் தெரியும். இனி அது இருக்காதாம், இருந்தாலும் குறைவாம். எனக்கு அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. உன் நோட்டு செய்த உபகாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

நன்றாகச் சாப்பிடு. மாமாவையும் சாப்பிட வை.

உன் அக்கா


பிப்ரவரி 19, வியாழன்

அக்கா,

இன்று மாமாவுக்கு அந்தப் பக்கம் ஓட்டம் இல்லை. என் கடிதத்துக்காக மட்டும் வருகிறார். உன் கடிதத்தைப் படித்ததும் அவரிடம் எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிட்டேன். அவர் காலணியில் ஒன்றை மாட்டியிருந்தார். மற்றொன்றைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "இத உங்கக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். எழுது. இப்பவே கொண்டுபோறேன்" என்றார். வாசலில் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் கிழித்துப்போட நேரமில்லை. அப்படியே எழுதுகிறேன்.

நோட்டில் இருப்பது பொய்.

அன்று காலை ஒன்பது நாற்பதுக்கு மிளகுவின் நெற்றி சுட்டது. அளந்து பார்த்தேன். முப்பத்தெட்டு புள்ளி ஆறு. முப்பத்தெட்டைத் தாண்டினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வார்டுக்குப் போன் செய் என்று நீ மூன்று முறை சொல்லிவிட்டுப் போயிருந்தாய். நான் செய்தேன் அக்கா. உண்மையாகச் செய்தேன். ஒரு ஆள் எடுத்தார். "யாரு? நோயாளி பேரு? பதிவு எண் என்ன? சீக்கிரம் சொல்லுங்க" என்றார். எண் எனக்கு எதிரிலேயே இருந்தது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. "ஹலோ, ஹலோ, யாருங்க வெளையாடறது?" என்று கேட்டு அவர் வைத்துவிட்டார். உனக்குப் போட்டேன். உன் ஆபீஸ் குறைகேட்கும் மேசையின் பதிவுக் குரல்தான் வந்தது, எல்லா இணைப்புகளும் வேலையாக இருக்கின்றன, காத்திருங்கள் என்று. நான் காத்திருக்கவில்லை. யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயந்து வைத்துவிட்டேன்.

பிறகு அலமாரியிலிருந்த காய்ச்சல் மருந்தை ஐந்து மில்லி கொடுத்தேன். பழைய காய்ச்சலுக்கெல்லாம் நாம் அதைத்தானே கொடுப்போம். பதினொன்றரைக்கு முப்பத்தேழு புள்ளி இரண்டுக்கு இறங்கிவிட்டது. அதைத்தான் எழுதினேன். முதலில் பார்த்ததை எழுதவில்லை. எழுதினால் ஏன் போன் செய்யவில்லை என்று நீ கேட்பாய். இறங்கிவிட்டதே, இனி சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? பாட்டுகூட முணுமுணுத்தேன்.

இரண்டு மணிக்குத் திரும்ப முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது. மறுபடி ஐந்து மில்லி. மூன்றரைக்கு முப்பத்தேழு புள்ளி நான்கு. அதையும் எழுதினேன். நான்கரைக்குமேல் மருந்து கேட்கவில்லை. அவள், "சித்தி, குளுருது" என்றாள். நீ வரும் பஸ்ஸை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆகவே இரண்டு மணி நேரமில்லை. எட்டு மணி நேரம். அவள் உடம்பு வேகமாகச் சரியவில்லை. நான் மூடி வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் உனக்குக் கொடுத்த சின்னப் புத்தகம் இங்கே இருக்கிறது. ஒன்பதாவதோடு நின்றவள்தான், ஆனாலும் படிக்கத் தெரியும். மருந்தின் அளவைக் காரணமில்லாமல் குறைத்தால் நோய் திரும்பி வர வாய்ப்பு கூடும் என்று பதினான்காம் பக்கத்தில் போட்டிருக்கிறது. பாதி மருந்துக்குக் காரணம் என் நோட்டு. திங்கட்கிழமைக்குள் டாக்டரிடம் சொல்.

அவள் கஷ்டப்பட மாட்டாள் என்று நீ சந்தோஷப்பட்டு எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். என்ன வேண்டுமானாலும் சொல். வீட்டை விட்டுப் போ என்றால் போய்விடுகிறேன். ஆனால் டாக்டரிடம் சொல்லிவிடு.


பிப்ரவரி 20, வெள்ளி

படித்தேன். படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். மிளகு வெளியே நின்று, "அம்மா, ஒண்ணுக்கா ரெண்டுக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

உன்னைத் திட்ட ஒரு பக்கம் எழுதினேன். அதை அனுப்பவில்லை. அதில் இருந்த வார்த்தைகளை நீ கேட்டால் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டாய், என்னாலும் திருப்பி எடுக்க முடியாது. ஆனால் எழுதினேன் என்பதைத் தெரிந்துகொள்.

பாட்டு முணுமுணுத்தாயாம்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் தாங்கவில்லை. பேனாவை எடுத்து, "எத்தனை மணிக்கு? எவ்வளவு? நடுவுல தண்ணி குடிச்சாளா, எத்தனை தடவை சிறுநீர் போனா, கை கால் சில்லுன்னு இருந்துச்சா, பேச்சு குழறுச்சா?" என்று அடுக்கினார். எனக்கென்ன தெரியும்? நான் அங்கே இல்லையே. "அப்ப அந்தப் பொண்ணே வரணும். அவ வாயால கேக்கணும். எழுதி அனுப்பினா நான் திருப்பிக் கேள்வி கேக்க முடியாதுல்ல" என்றார். அவள் பேச மாட்டாள் டாக்டர் என்றேன். "பேசற வரைக்கும் அளவை முடிவு பண்ண மாட்டேன்" என்றார்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எனக்கு நேற்றிலிருந்து தும்மல். இன்று மூக்கு ஒழுகுகிறது. டக் டக் அக்கா பார்த்துவிட்டாள். சளி பிடித்தவர்கள் இந்த வார்டுக்குள் இருக்கக் கூடாது. நாளைக்கே நான் வெளியேற வேண்டும். அறையில் துணைக்கு ஒருவர்தான் இருக்கலாம். மாமா வண்டி ஓட்டுகிறார். மிச்சம் யார்?

நினைத்துப்பார். உன்னை நம்பி ஒரு நாள் விட்டதற்கு இப்படியானது. இப்போது ஒரு வாரத்துக்கு விடப்போகிறேன்.

ஒன்றை நானும் எழுதிவிடுகிறேன், நீ மட்டும்தான் எழுத வேண்டுமா? அன்று ஆபீஸில் என்னைக் கட்டாயம் வரச் சொல்லவில்லை. வரட்டுமா என்று நான்தான் கேட்டேன். மூன்று மாதமாக வாந்தித் தட்டும் தெர்மாமீட்டருமாக இருந்து, ஒரே ஒரு நாள் என் குறைகேட்கும் மேசையில் உட்கார்ந்து, யார் வீட்டிலோ தண்ணீர் வரவில்லை என்பதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் போலிருந்தது. மதியம் சகஜமாகச் சிரித்துப் பேசிக்கொண்டே சாப்பிட்டேன். அந்தப் பதிவுக் குரலைத் தாண்டி நீ அரை நிமிடம் காத்திருந்தால் எடுத்திருப்பவள் நானாகவே இருந்திருக்கலாம். உனக்குப் போனில் பேச வராது என்று தெரிந்தும், ஒரு போன் நம்பரை எழுதி ஒட்டிவிட்டுப் போனேன். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொல்கிறார்கள் என்று நீ அழுதபோது, சரி, பள்ளிக்கூடம் வேண்டாம், வீட்டிலேயே இரு என்று சொன்னதும் நான்தான்.

இதனால் உன் தப்பு குறைந்துவிடாது. நாளை மாமாவோடு வா. நகம் வெட்டிக்கொள்.


பிப்ரவரி 23, திங்கள்

அக்காவுக்கு,

வாசலில் நாம் ஒருவரை ஒருவர் கடந்துபோனபோது நீ முகக்கவசத்துக்கு மேலே என்னைப் பார்த்தாய். என்ன நினைத்தாய் என்று தெரியவில்லை. மிளகு நன்றாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் ஜன்னல் பக்கம் நின்றேன். "சொல்லும்மா, ஒம்போது நாப்பதுக்கு என்ன ஆச்சு?" என்றார். பேச்சு வரவில்லை அக்கா. அவர் உதவி எதுவும் செய்யவில்லை. கடிகாரத்தையும் பார்க்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்போது கட்டிலிலிருந்து மிளகு, "கொஞ்சம் பொறுங்க டாக்டர். சித்தி இன்னும் லோடிங்ல இருக்கா" என்றாள்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரிப்பு வந்த வழியிலேயே பேச்சும் வந்தது. ஒன்பது நாற்பது என்று ஆரம்பித்தேன். முடியும் வரை நிறுத்தவில்லை. மதியம் மூன்று வாய்தான் தண்ணீர் குடித்தாள் என்றும், காலையில் ஒரு தடவைக்குப் பிறகு சிறுநீர் போகவே இல்லை என்றும், மூன்று மணிக்கு விரல் நுனிகள் வெளிறியிருந்ததைப் பார்த்தும் சாக்ஸ் மாட்டிவிட்டேன் என்றும் சொன்னேன். அந்த சாக்ஸ் விஷயத்தை உனக்கு நான் எழுதவில்லை. என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு அவர் சொன்னார்: "எட்டு மணி நேரம் கிருமிக்கு மருந்தில்லாம கெடந்தா எந்தப் பிள்ளையும் விழும். இது இவ ஒடம்போட தப்பு இல்ல. அளவக் குறைக்கக் காரணம் இல்ல." பிறகு என்னைப் பார்த்து, "தெரிஞ்சே மறைச்சது பெரிய தப்பு. இப்ப சொன்னதும் பெருசு. ஒண்ணுக்கொண்ணு கழிச்சுக்காத" என்றார். நான் தலையாட்டினேன். "தலையாட்டாத, சொல்லு" என்றார். "கழிக்கல டாக்டர்" என்றேன்.

இன்று காலை பத்து மணிக்கு முழு அளவு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள்.

மிளகு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் எதிரில் பேசியிருக்கக் கூடாதோ? வேறு எங்கே பேசுவது, அறையை விட்டு நான் போகக் கூடாதே.

தங்கை


பிப்ரவரி 25, புதன்

தங்கச்சி,

சளி இறங்குகிறது. இன்னும் ஐந்து நாள் தும்மாமல் இருந்தால் உள்ளே விடுவார்களாம்.

வீட்டில் எனக்கு உட்கார இடமில்லை. எல்லா இடமும் காலியாக இருப்பதால் எங்கே உட்கார்ந்தாலும் எழுந்துவிடத் தோன்றுகிறது. அவள் கட்டிலை நகர்த்தினேன். நீயும் நகர்த்திப் பார்த்திருப்பாய், தரையில் கோடு விழுந்திருக்கிறது. நேற்று தாங்க முடியாமல் முகக்கவசத்தோடு உன் சலவைக்கடைக்குப் போய், உன் இடத்தில் நின்று விரிப்பு மடித்தேன். ஒரு மணி நேரத்தில் உன் முதலாளியம்மாவும் நானும் பேசிய பேச்சில் மற்ற இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டார்கள். "ஒரே வீட்டுலயா ரெண்டு பேரும் பொறந்தீங்க?" என்றார்.

உன் கடிதத்தைப் படித்ததும், இவள் சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பாதி மருந்து என்ற வார்த்தையை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு நிமிடம்தான். அந்த நிமிடத்தை உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

அவளை மன்னிச்சிட்டியா என்று மாமா கேட்டார், குழம்பில் உப்பு சரியா என்று கேட்பதுபோல. தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. சாக்ஸ் மாட்டியது அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது. நீ அவளுக்குக் குளிராமல் இருக்கத்தான் மாட்டினாய் என்பதும் கூடவே வருகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் நான் என்ன செய்ய?

மருந்து ஏறிய மூன்றாம் நாள் வாந்தியும் வாய்ப்புண்ணும் ஆரம்பிக்கும். வாய்ப்புண்ணுக்கு அந்த வெள்ளைத் திரவம், பஞ்சில் தொட்டுத் தடவ வேண்டும், அவள் கடிப்பாள், விரலைப் பார்த்துக்கொள். என்னைக் கேட்கிறாளா? கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே எழுது. என்னைச் சமாதானப்படுத்த எதையும் குறைத்து எழுதாதே.

அக்கா


மார்ச் 1, ஞாயிறு

அக்காவுக்கு,

குறைக்காமல் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை நான்கு முறை வாந்தி. வெள்ளிக்கிழமை பதினொன்று. நேற்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன், ஆனால் நர்ஸ் எண்ணி எழுதியிருக்கிறாள், பதினான்கு. உதட்டின் உள்பக்கமெல்லாம் புண். பஞ்சை வைத்ததும் கடித்தாள். விரலில் இரண்டு பல் அச்சு இருக்கிறது. எச்சிலை விழுங்காமல் வாயோரம் வடியவிடுகிறாள். காய்ச்சல் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். பார்த்ததும் எண்ணைச் சத்தமாகச் சொல்கிறேன், அறையில் யாரும் இல்லாவிட்டாலும். டக் டக் அக்கா, "நான் காரிடார்லதான் இருக்கேன், எனக்குக் கேக்குது, ஊருக்கே கேக்குது" என்கிறாள்.

உன்னைக் கேட்கிறாள். தினமும். வெள்ளிக்கிழமை உன்னை மட்டும்தான் கேட்டாள். என்னோடு பேசவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாள். வாய்ப்புண்ணால் பேசவில்லை என்று நினைத்தேன். அப்படி இல்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தவளிடம் பேசினாள். தரை துடைக்க வந்தவரிடமும் பேசினாள்.

இன்று காலைதான் திரும்பினாள். என்னை நேராகப் பார்த்து, "டாக்டர்கிட்ட நீதான சொன்ன? நீ சொன்னதாலதான முழு மருந்து குடுத்தாங்க?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"அன்னிக்கு வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல, சித்தி?"

நோய் திரும்பி வருவது பற்றிப் பதினான்காம் பக்கத்தில் இருப்பதை ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? நீயாக இருந்தால் ஏதாவது கதை கட்டிச் சொல்லியிருப்பாய். எனக்குக் கதை வரவில்லை. "இல்ல மிளகு" என்றேன்.

"கேக்கல."

"இல்ல. மூடிட்டு இருந்திருக்கக் கூடாது" என்றேன். சத்தமாகத்தான் வந்தது. கண்ணாடிக்கு வெளியே யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். என்னை மன்னிக்கலாமா என்று யோசிப்பதாக நினைத்துக்கொண்டு நின்றேன். அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். வாந்தித் தட்டை எடுத்து என் பக்கம் தள்ளினாள். "அப்ப நீயே பிடி. நர்ஸக் கூப்பிடக் கூடாது. அம்மா வர்ற வரைக்கும் நீயேதான் பிடிக்கணும்" என்றாள்.

ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும். நீ வந்ததும் தட்டை வாங்கிக்கொள்.

தங்கை